வள்ளியின் வளைகாப்பு கேசட்

திருவண்ணாமலை தேரடி வீதியில் முபின் வீடியோ கடை போட்டது எண்பத்தொன்பதில். முதலில் கேசட் ஓட்டும் டெக்கும் டிவியும் வாடகைக்கு விட்டான், பிறகு கல்யாணங்களுக்குக் கேமரா தூக்கினான், இரண்டாயிரத்து நாலில் பழைய கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஓட விட்டே ஆகவேண்டும். அதனால் ஊரில் பாதிக் குடும்பங்களின் சண்டை சச்சரவு அவனுக்கு அத்துப்படி. ஆனால் வெளியே வாயைத் திறக்க மாட்டான், அடுத்தவர் கேசட்டில் கை வைக்கவும் மாட்டான். இந்த இரண்டு விஷயத்தில் மட்டும் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒரு மத்தியானம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ராஜம்மாள் பஸ் ஏறி வந்தாள். மஞ்சள் பையிலிருந்து இரண்டு கேசட்டுகளை எடுத்து வைத்தாள்.

"ரெண்டையும் ஒரே தட்டுல போட்டுக் குடுங்க பாய். எம் பொண்ணு வள்ளியோடது. கல்யாண கேசட்ல பூரா பாட்டைப் போட்டு ரொப்பிட்டானுங்க, அவ கொரலே இல்ல. இன்னொண்ணு வளகாப்பு. என் தங்கச்சி புள்ள துபாய் கேமராவுல புடிச்சது, போன வாரந்தான் கைக்கு வந்துச்சி. இதுல பாட்டு வேணாம். அவ பேசுறது கேட்டா போதும்."

"பொண்ணு இப்ப எங்கம்மா?"

"போயிட்டா பாய். தொண்ணூத்தாறு ஜனவரி பதினொண்ணு. மாமியார் வூட்ல ஸ்டவ் வெடிச்சிடுச்சின்னாங்க."

மறுநாள் காலையில் முபின் வளைகாப்பு கேசட்டை ஓட விட்டான். திரையின் மூலையில் தேதி தெரிந்தது: 26.11.1995. வேண்டாம் என்று நினைத்தும் மனசு கணக்குப் போட்டுவிட்டது. இன்னும் நாற்பத்தாறு நாள். கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள். கேமராக்காரப் பையன் அதை அணைக்க மறந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

"இன்னிக்கே என்ன இட்டுக்னு போயிடும்மா. இந்த வூட்ல நான் பொழைக்க மாட்டேன்."

"ஒம்போதாம் மாசம்தான் அனுப்புவேன்னு ஒங்க மாமியார் சொல்லிட்டாங்களேடி. நான் என்ன பண்ணட்டும்? கேமரா வேற ஓடுது. சிரி."

வள்ளி சிரித்தாள். உள்ளே யாரோ கூப்பிட, ராஜம்மாள் எழுந்து போனாள். போகிற அம்மாவைப் பார்த்து வள்ளி மெதுவாக ஏதோ சொன்னாள். முபின் டெக்கை நிறுத்திவிட்டான்.

பெற்றவள் இதைக் கேட்டால் தாங்குவாளா? டிவிடியில் அந்த இடத்துக்கு ஒரு வளைகாப்புப் பாட்டைப் போட்டான். அதோடு விட்டிருக்கலாம். நாளைக்கு அவள் வேறு கடையில் போட்டுப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கேசட்டிலும் பேச்சை அழித்து அதே பாட்டை ஏற்றினான். புண்ணியம் செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தான்.

நாலு நாள் கழித்து ராஜம்மாள் வந்தாள். கடை டிவியில் பாட்டு தொடங்கியதும் அவள் முகம் மாறியது.

"பாட்டு எதுக்கு போட்டீங்க?"

"சவுண்டு சரியில்லம்மா."

"பரவால்ல, கேசட்டையே போடுங்க."

அதிலும் பாட்டுதான் வந்தது. அவள் டிவியை விட்டு அவனைப் பார்த்தாள்.

"நீங்க கேட்டுட்டீங்க, இல்ல?"

முபின் டெக்கை நிறுத்தினான்.

"அவ இட்டுக்னு போன்னு சொன்னதும் தெரியும், நான் சிரின்னு சொன்னதும் தெரியும் பாய். எட்டு வருசமா அத நெனச்சிக்கினேதான் சோறு துன்றேன். எழுந்து போறப்ப பின்னால ஏதோ சொன்னா. எனக்குக் கேக்கல. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்."

வள்ளி கடைசியாகச் சொன்னது இப்போது எந்தக் கேசட்டிலும் இல்லை. இந்த உலகத்தில் அவன் ஒருத்தன் காதில்தான் இருந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் சொன்னான்.

"'சிரிச்சிட்டேம்மா. நீ போவாத'ன்னு சொன்னாங்க."

ராஜம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அழுதுக்கினே சொன்னாளா? கோவமா சொன்னாளா?"

முபின் கண்ணை மூடி அந்தக் குரலை நினைத்துப் பார்த்தான். அவனுக்கும் பாட்டுதான் கேட்டது.