வோல்டேஜை ஏற்றியது யார்?

ஆழ்வார்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடையில் வேலை பார்த்தேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, முதலாளிக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸ் செட்டிங்கில் பிராசஸர் வேகத்தையும் வோல்டேஜையும் ஏற்றிவைத்தேன். இரண்டே நாளில் அது அடிக்கடி அணைந்துபோக ஆரம்பித்தது.

சரிபார்க்க ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் தள்ளிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து படித்தார். எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொண்டார். யாரிடம் காட்டப் போகிறாரோ என்று அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு தம்பி வோல்டேஜ ஏத்தினது?"

"தெரியலக்கா."

என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பழைய அளவுக்கு இறக்கினார். கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது.

முதலாளி வந்தார். "இன்னாம்மா, எவனாச்சும் நோண்டிட்டானா?"

"இல்ல சார். போர்டுல பேட்டரி வீக்கா கீது. செட்டிங் தானா மாறிடுச்சு. சரி பண்ணிட்டேன்."

பேட்டரியை அவர் தொடவே இல்லை. படிக்கட்டில் பின்னாலேயே ஓடினேன்.

"ஏங்க்கா என்னைக் காட்டிக்குடுக்கல?"

"நீதான் தெரியலன்னியே, தம்பி."

சிரிக்காமல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பதிலுக்கு என்னிடம் ஏதோ கேட்கப் போகிறார் என்று மாதக்கணக்கில் சந்தேகப்பட்டேன். அவர் வரவே இல்லை. அப்புறம்தான் அப்படிச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.