பூஜையில் இருந்த குழாய்க் கேமரா

இயந்திரத்தைப் பிரிக்காமல் அதன் வயிற்றுக்குள் பார்த்துச் சொல்வது என் மகளின் வேலை. விரல் தடிமனில் நீளமான கறுப்புக் குழாய். நுனியில் ஒரு கேமராவும் சின்ன விளக்கும். மறுநுனியில் கையில் பிடிக்கிற திரை. கழக்கூட்டம் பக்கம், வேளிப் பக்கம் என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவாள். கூட நானும் போவேன். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு வாசிக்கவும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் குழாயை உள்ளே விடுவது நான். அவள் திரையைப் பார்த்து நுனியைத் திருப்புவாள். நான் மெல்ல மெல்ல விடுவேன். முட்டினால் தள்ளக் கூடாது. வெளியே இழுக்கும் முன் நுனியை நேராக்கியாக வேண்டும். வளைந்த தலையோடு இழுத்தால் உள்ளே நரம்பு மாதிரி ஓடுகிற கம்பி அறுந்துபோகும். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்த கம்பெனிக்காரர்கள் இப்போது நாற்காலி போடுகிறார்கள்.

போன நவராத்திரியில், அஷ்டமி சாயங்காலம், பேரப்பிள்ளைகளின் புத்தகங்களோடு அந்தக் கேமராப் பெட்டியையும் பூஜைக்கு வைத்தேன். இந்த மலையாள ஊரில் பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலைவரை யாரும் தொடுவதில்லை. நவமியன்று காலையில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்குப் போன் வந்தது. பாய்லரைக் கழுவி மூடும்போது ஒரு நட்டு உள்ளே விழுந்துவிட்டது. அது எங்கே கிடக்கிறதென்று தெரியாமல் பற்றவைக்க முடியாது. ஆபரேஷன் கத்தியெல்லாம் அந்த ஆவியில்தான் அவிக்கிறார்களாம்.

"எம்மா, பெட்டிய எடுக்கட்டா?"

"நாளைக்குக் காலைல எடு."

"அதுவரைக்கும் ஆஸ்பத்திரில நோவு காத்துக்கிட்டு இருக்குமா?"

"சாமி முன்னால வச்சத எடுக்க நான் விடமாட்டேன்."

அவள் பூஜைப் பலகையைப் பார்த்தாள். அங்கே என் பழைய கத்தியும் சந்தனப் பொட்டோடு இருந்தது.

"உன் கத்தியும் பூஜையிலதான் இருக்கு. காலைல அவியலுக்குக் காய் எதுல நறுக்கின?"

"அது வேற கத்தி."

"நல்ல கத்தி அடுக்களைல, மொண்ணக் கத்தி சாமிக்கு! எங்கிட்ட மொண்ணக் கேமரா இல்லியேம்மா."

எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள். சமைக்க வேண்டாமா? அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குச் சாதகமாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். கால் அலம்பி வந்து, கற்பூரம் காட்டி, அந்தப் பெட்டியை மட்டும் வடக்கே கொஞ்சம் நகர்த்தினேன். அப்படி நகர்த்தினால் பூஜை முடிந்ததாகக் கணக்கு.

"எடு. பொட்டு பெட்டிமேலதான். கேமராவுல படல."

"பாத்துட்டுத்தான் எடுப்பேன்" என்றாள். திறந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் பாய்லர் நன்றாக ஆறிவிட்டதா என்று மகள் கைவைத்துப் பார்த்தாள். சூடு அந்த நுனிக்கு ஆகாது. நான் விட விட, சுண்ணாம்பு படிந்த இரும்புக் குழாய்கள் திரையில் வரிசையாக வந்தன. "கொஞ்சம் வேகம் அம்மா" என்றார் பின்னால் நின்ற சூப்பர்வைசர். நான் வேகத்தைக் கூட்டவில்லை. அழுக்குத் தண்ணீர் வெளியேறும் துளையின் வாயில், சேற்றில் பாதி புதைந்து நட்டு கிடந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே ஃபிட்டர் அதைக் காந்தக் கம்பியால் எடுத்தார்.

மகள் நுனியை நேராக்கிவிட்டுச் சொன்ன பிறகு, ஈரத்துணியால் வழித்தபடியே குழாயை வெளியே எடுத்தேன். நுனிக் கண்ணாடியை அவள் பஞ்சால் ஒற்றினாள்.

"அம்மா, அடுத்த கொல்லம் இத பூஜைக்கு வைக்கும்போ எங்கள விளிச்சுச் சொல்லணும் கேட்டோ" என்றார் சூப்பர்வைசர், வருஷத்தைக் கொல்லம் என்கிற தன் மலையாளம் கலந்த தமிழில்.

"நீங்க அந்த நாள்ல பாய்லரத் திறக்காம இருங்க, போதும்" என்றேன்.

பெட்டியை மூடிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமலே, "அடுத்த வருஷம் காலிப் பெட்டியத்தான் வைப்போம் சார்" என்றாள்.