இடது மூலைக்காரரின் பிடி

என் வீட்டுக்காரர் சடுகுடு ஆடியவர். பாடிப் போகிறவர் அல்ல. எதிராளி பாடி வந்தால் பிடிக்கிறவர். இடது மூலையில் குனிந்து நிற்பார். வருகிறவன் காலெடுத்து வைக்கும் நேரம் பார்த்துக் கணுக்காலைப் பிடிப்பார். பிடித்தால், அவன் மூச்சு முட்டிப் பாட்டு நிற்கிற வரைக்கும் விடமாட்டார். குளத்தூரிலிருந்து மீமிசல் வரைக்கும் பொங்கல் ஆட்டங்களில் அந்தப் பிடி தெரியாதவர்கள் கிடையாது.

ஆனால் மைக்கில் சொன்னது பாடிப் போனவர் பேரைத்தான். தோளில் தூக்கியதும் அவரைத்தான். இவரைத் தூக்கியது ஒரே ஒரு தடவை, தோள்பட்டை எலும்பு முறிந்தபோது, கயிற்றுக் கட்டிலில். அதோடு ஆட்டம் முடிந்தது.

அவர்கள் அணியில் பாடிப் போகிறவரின் பெண்சாதி பரிசாக வந்த எவர்சில்வர் குடத்தோடுதான் குழாயடிக்கு வருவாள்.

"அண்ணன் என்னக்கா கொண்டாந்தாக? முட்டிச் செராய்ப்பா?" என்பாள்.

"அவரு புடிச்சுப் போட்டதுலதான்டி ஒனக்குக் குடம். நல்லா வெளக்கி வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வருவேன். ஒருத்தியிடமும் நான் தலை குனிந்ததில்லை.

என் காலை அவர் பிடித்தது கல்யாணத்தன்று, அம்மி மிதிக்கையில். ஆட்டத்தில் பிடிக்கிற மாதிரியே பிடித்துவிட்டார். "மாப்ள, பொண்ணு எங்கிட்டும் ஓடிறாது, விடுங்க!" என்று பந்தலே சிரித்தது. அதற்குப் பிறகு ஐம்பது வருசத்துக்கு மேல் என் கால் அவர்மேல் படாமல்தான் நடந்தேன்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அவருக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் வயலுக்குப் போகிற பாதை, அப்புறம் மகன், அப்புறம் நான். "ஆத்தா, நீங்க யாரு வீட்டு ஆளு?" என்று என்னிடமே கேட்டார். அன்றைக்கு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

பாயோடு கிடந்தவர், ஒரு நாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நான் பக்கமாகப் போனபோது இடது கணுக்காலை எட்டிப் பிடித்தார். "விடுங்க, யாராச்சும் பாக்கப் போறாக" என்று கெஞ்சினேன். விடவில்லை. கட்டினவர் கை காலில் இருக்கிறதே என்று உடம்பு கூசியது. பாட்டு நின்றால்தானே விடுவார் என்று பிறகு எனக்குத் தோன்றியது. "சடுகுடு சடுகுடு" என்று பாடினேன். மூச்சு முட்டி நின்றதும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

அப்புறம் தினமும் அதேதான். பிடிப்பார்; பாடி நிறுத்துவேன். மகன் அதே வழியில் நடந்தால் கை அசையாது.

ஒரு தடவை தடுமாறி விழுந்தேன். மகன் கத்தினான்.

"அப்பாவக் கட்டில்ல தூக்கிப் போட்ருவோம்மா. ஒனக்கு இடுப்பு ஒடஞ்சா யாரு பாக்குறது?"

"பாயிலயே இருக்கட்டும்டா."

"என்னம்மா வெளாட்டு இது, இந்த வயசுல?"

"ஆமாடா. வெளாட்டுத்தான்."

போன வாரம் கஞ்சியோடு போனேன். பிடித்தார். பாட ஆரம்பித்தேன். மூச்சு பாதிகூடப் போகவில்லை, விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்துவிட்டது. பாட்டு நிற்குமுன் பிடி விட்டால் போனவர் தப்பித்துக் கோட்டைத் தொட்டுவிடலாம். தப்பித்து நான் எங்கே போக? பாட்டை நிறுத்தாமல், காலைத் தூக்கி அவர் உள்ளங்கையில் திரும்பவும் வைத்தேன். விரல் மடங்கவில்லை. கண் மட்டும் கூரையைப் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூச்சு தீரும்வரை பாடினேன்.

நேற்று மகன் கட்டில் கொண்டுவந்து போட்டு, அவரைத் தூக்கிக் கிடத்தினான். நான் கால் பக்கம் பிடித்துக்கொடுத்துவிட்டு, கஞ்சி எடுக்கப் போனேன்.