அழுக்கு மூட்டையில் ஒரு பாக்ஸ் டெரியர்

அந்த நாயை நினைத்தால் எனக்கு முதலில் வெயில்தான் ஞாபகம் வருகிறது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு திடல். அதில் கொடி கொடியாக வெள்ளைப் போர்வைகள் தொங்கும். காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக உப்பும், பிறகு அடங்கும், தூங்குகிறவன் வயிறு மாதிரி. அதற்கு நடுவில் அதுவும் வெள்ளை. ஒரு காது மட்டும் பழுப்பு. போர்வைகளுக்குள் அது போகும்போது அந்தக் காது மட்டும் தனியாக மிதந்து போகும்.

நான் அப்போது தோபி கடையில் வேலை பார்த்தேன். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். பகலெல்லாம் கஞ்சி வாசனை, கரி வாசனை, நீலம் கரைத்த தண்ணீர். இன்னமும் சில மத்தியானங்களில் அந்த வாசனை எங்கிருந்தோ வருகிறது. எழுந்து ஜன்னலைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

திங்கட்கிழமை அலெக்சாண்டிரா பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்து வீடுகளில் துணி எடுக்கப் போவேன். சைக்கிளுக்கு முன்னால் பெரிய மரப்பெட்டி. குவீன்ஸ்டவுனில் அப்போதுதான் அடுக்குவீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. தலையில் சிவப்புத் துணி மடித்துக் கட்டிய சீனப் பெண்கள் மண் சுமந்து நடப்பார்கள். நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். எனக்கு எதற்கும் அவசரம் கிடையாது.

அந்த நாய் இருந்த வீட்டில் ஒரு துரை, ஒரு மேம், அவர்களுடைய சின்னப் பையன். ஒரு திங்கட்கிழமை கடைக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தால், அந்த வீட்டு மூட்டை தும்மியது. முடிச்சை அவிழ்த்தேன். பையனுடைய சட்டைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நாய் படுத்திருக்கிறது. நான் கட்டும் முன்பே உள்ளே தோண்டிப் போயிருக்கிறது. கனம் தெரியவில்லையா என்று மனைவி கேட்டாள். தெரிந்தது. ஈரத்துண்டு என்று நினைத்தேன்.

உடனே திருப்பிக்கொண்டு போனேன். மேம் சிரித்தார். "பாக்ஸ் டெரியர்" என்று என்னமோ சொல்லிவிட்டு, மலாய் மொழியில், அது அப்படித்தான், பொந்து கண்டால் நுழையும் என்றார்.

எங்கள் மாடியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். கிளார்க்கு வேலை. அவரிடம் கேட்டேன்.

"பாக்ஸ் எண்டா நரி, தம்பி. அங்க சீமையில நரி பொந்துக்குள்ள ஒளிச்சா, இது மணம் பிடிச்சு உள்ளுக்குப் போகும். நரியைக் கிளப்பாமல் வெளியில வராது."

"நரி வெளிய வராம உள்ளயே இருந்துட்டா?"

"இதுவும் உள்ளதான். பிறகு ஆக்கள் தோண்டி எடுக்கவேணும்."

என் மனைவி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "நரியே இல்லாத ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டா அவ எதத்தான் தோண்டுவா, பாவம்? அழுக்கத்தான் தோண்டுவா."

அன்றிலிருந்து எங்கள் சந்தில் அதற்கு நரி என்றே பெயர்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமை அழுக்கோடு நரி வரும். தேய்த்த துணியோடு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுத் துணி துவைக்காமல் கிடக்கும்வரை அதன்மேல் படுத்திருக்கும். கடைசித் துணியும் தண்ணீருக்குள் போனதும் கடை வாசலில் அஞ்சடி நடைபாதைக்குப் போய், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். வெளுத்த துணி அதற்கு யாருடையதும் இல்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒரு நாள் மேம் அழுத கண்ணோடு வந்தார். துரைக்கு ஊருக்கு மாற்றலாம். நாயைக் கொண்டுபோனால் அங்கே மாதக்கணக்கில் கூண்டில் அடைப்பார்களாம், வயதான நாய் தாங்காதாம். நீ வைத்துக்கொள் என்றார். கூடவே ஒரு பெரிய மூட்டை. பழைய போர்வைகள், தலையணை உறை, பையனுடைய சட்டைகள். இதுவும் உனக்கே என்றார்.

மூட்டையைப் பார்த்து என் மனைவிக்குச் சந்தோஷம். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிறக்கிற குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும். பழகிய பருத்திப் போர்வை கிழித்தால் பூப்போல இருக்கும், தொட்டிலும் கட்டலாம். ஆனால் நரி அந்த மூட்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. சோறு வைத்தேன், மீன் தலை வைத்தேன், ரொட்டியைப் பாலில் நனைத்து வைத்தேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கும், சந்துக்குப் போய் வரும், மறுபடி உள்ளே. நாளுக்கு நாள் முதுகெலும்பு தெரிந்தது.

"என்னங்க, தோபி வீட்டுல அழுக்கு மூட்டைய வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம். ஊரே சிரிக்கும்."

"துவைச்சா அது செத்துரும் புள்ள."

"துவைக்காட்டி மட்டும் பொழச்சுருமா? எம் புள்ளைய எதுல சுத்துறது? கோணிச் சாக்குலயா?"

நான் சோற்றுத் தட்டை நரிக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். பிறகு அவளே, "ஆளுங்க தோண்டி எடுக்கணும்னு மாடி வீட்டு ஐயா சொன்னாருல்ல? நான் தோண்டுறேன்" என்றாள்.

மறுநாள் நரி சந்துக்குப் போன நேரம் பார்த்து, மூட்டையின் அடியிலிருந்து ஒரே ஒரு போர்வையை உருவினாள். அந்த இடத்தில், தான் உடுத்திக் களைந்த சேலையைச் சுருட்டி வைத்தாள். நரி திரும்பி வந்து மோந்தது. சுற்றிச் சுற்றி வந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

"என்னடி பாக்குற? எனக்கும் வேர்வ வரும்லா."

ரொம்ப நேரம் நின்றுவிட்டு, படுத்தது.

அப்படியே தோண்டினாள். அவசரப்படவில்லை. அங்கே ஒரு உறை போனால் இங்கே என் பனியன் வரும். ஒரு போர்வை போனால் அவளுடைய பாவாடை வரும். திடலில் மேமுடைய போர்வைகள் ஒவ்வொன்றாய் வெளுத்துக் காய்ந்தன, பிறகு சதுரம் சதுரமாகக் கிழிந்து மடிந்தன. ஒரு மத்தியானம் நான் சட்டைக் கழுத்துக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் விரலிலிருந்து நரி சோற்றை நக்கிக்கொண்டிருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அசைந்தால் கலைந்துவிடும் என்பதுபோல. நானும் இஸ்திரிப் பெட்டியை எடுக்கவில்லை.

கடைசியாகப் பையனுடைய சட்டை ஒன்று மிச்சம். அதை மட்டும் அவள் எடுக்கவில்லை. "அது சின்னதுதான், இருக்கட்டும்" என்றாள்.

பிறகு வலி வந்து பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. நான் வீட்டுக்கு வந்து பார்த்தால், வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருக்கிறது. நரி மூட்டைக்குள் தலையை விட்டிருந்தது. விலக்கிப் பார்த்தேன். பையனுடைய சட்டை வெளியே தள்ளிக் கிடந்தது. அது புதைந்திருந்தது அவளுடைய சேலையில்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கப் பார்த்து, தையல் வலிக்கிறது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க வாங்க" என்று கட்டிலுக்கு அடியில் கைகாட்டினாள். "நான் கட்டிக் களைஞ்ச சேலை கெடக்கு, எடுத்துட்டுப் போய் நரிக்குப் போடுங்க. புள்ளைக்குக் குடுக்கையில பால் கொட்டியிருக்கு, தோபிக்காரரே, பழக்க தோஷத்துல தண்ணியில முக்கிறாதீங்க."

அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சைக்கிளை மெதுவாக மிதித்தேன்.