மிஸ் கிட்டன்ஸின் வேலி

பார்படாஸில் செயின்ட் லூசிப் பக்கம் வந்து ஐயோனா கிட்டன்ஸ் வீடு எது என்று கேட்டால், "வேலிக்காரி வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்து, ஒண்டியாக நின்று மரவீடு கட்டி, முன் ஜன்னலுக்குக் கண்ணாடியும் போட்டவள். தெருவில் கிரிக்கெட் ஆடிய வாண்டுகள் அந்தக் கண்ணாடியை உடைத்த அன்றே சட்டம் போட்டுவிட்டாள்.

"வேலியைத் தாண்டிப் பந்து வந்துச்சா, அடிச்சவன் அவுட்டு! பந்து எங்கிட்டதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்து வாங்கிக்கோ."

இருந்ததே ஒரு பந்து. யார் எதிர்த்துப் பேசுவது? கீப்பருக்குப் பின்னால் மட்டும் வேலியில்லாத வெறும் ரோடு. அந்தத் தெருவில் வளர்ந்த டகோஸ்டா இயர்வுட் பந்தைத் தரையோடு தரையாகத் தள்ளியே பேர் வாங்கினான். பார்படாஸுக்கே கேப்டன் ஆனான். மற்ற தீவுக்காரர்கள் அவனுக்குப் பந்து போட்டே களைத்துப் போனார்கள்.

ஆனால் இந்த வருடம் தோல்விமேல் தோல்வி. ஜமைக்காவோடு ஆடும் கடைசி ஆட்டமும் போனால் கேப்டன் பதவி போய்விடும் என்று ரேடியோவில் வாய் ஓயாமல் சொன்னார்கள். தூக்கி அடிக்கத் தெரியாதவனாம்.

ரம் கடை கிளேர்மான்ட் அதைப் பிடித்துக்கொண்டான். "பையன் பதவி போச்சுன்னா உங்க வேலியாலதான், மிஸ் கிட்டன்ஸ்."

"நீ ரம்முல தண்ணி ஊத்துறதை நிறுத்துய்யா. அப்புறமா என் வேலிக்கு வா!"

கடையே சிரித்தது. அவளுக்குத்தான் சுருக்கென்றது. ஒரு கண்ணாடிக்காகப் பிள்ளையைக் கெடுத்துவிட்டோமோ?

அதனால்தான் மூட்டுவலியைப் பார்க்காமல், அடுப்பில் சுட்ட மக்ரோனி பை டப்பாவோடு கிளேர்மான்ட்டின் வேனில் ஏறி பிரிட்ஜ்டவுன் மைதானத்துக்குப் போனாள். ஆட்டம் கடைசிப் பந்துவரை இழுத்தது. நான்கு ரன் வேண்டும். மட்டையோடு நிற்பவன் டகோஸ்டா. இனி தூக்கித்தானே ஆகவேண்டும் என்று ஜமைக்கா கேப்டன் ஆட்களையெல்லாம் நேர் எல்லைக்குத் துரத்தினான். கீப்பருக்குப் பின்னால் ஈ காக்கை இல்லை.

ஐயோனா எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "தூக்கி அடிடா டகோஸ்டா! எவ வீட்டுக் கண்ணாடி உடைஞ்சாலும் நான் பாத்துக்கறேன்!"

சுற்றிலும் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்கு எங்கே கேட்கும்? பந்து தன்னைத் தாண்டப் போகும்வரை சாவகாசமாக நின்றான். பிறகு மட்டையால் லேசாகத் தொட்டான். அது கீப்பரின் கையுறையை ஏமாற்றிப் புல்லோடு ஓடியது. துரத்த ஆளில்லை. எல்லைக் கயிற்றில் போய் இடித்தது.

கிளேர்மான்ட் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தான். டப்பா கவிழ்ந்தது, யார் கவனித்தார்கள்?

பரிசளிப்பில் ஒலிபெருக்கியில் கேட்டார்கள்: "கேப்டன், ஏன் தூக்கி அடிக்கலை?"

டகோஸ்டா சிரித்தான். "எங்க தெருவுல அது அவுட்டுங்க."

மைதானத்துக்கு அது புரியவில்லை. செயின்ட் லூசிக்காரர்கள் மட்டும் கூரை பறக்கக் கூவினார்கள். ஐயோனாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. கிளேர்மான்ட்டின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டியாய்யா? கேப்டனானப்புறமும் 'எங்க தெரு'ங்கறான்!"