மடிப்புக் கலையாத சட்டை

இன்று காலை ஒரு புதுச் சட்டையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, ஊசிகளைக் கழற்றி, காலருக்குள் இருந்த அட்டையை உருவிப் போட்டுவிட்டு, அப்படியே மாட்டிக்கொண்டேன். நெஞ்சின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடு, வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு. என் மனைவிக்கு வந்ததே கோபம். "வீட்டுல இஸ்திரிப் பெட்டி இருக்குதானே? இப்படியே போயி இருபது பேரு முன்னால நிப்பீங்களா? என்னயத்தான் பேசுவாங்க!" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. போலீஸ் வேலையில் இருந்த முப்பது வருடமும் கத்தி முனையாக இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. "வேணும்னேதான் போடுறேன்லா, விடு" என்றேன். அதற்குக் காரணம் ஒரு மனிதர். ஒரு சட்டை மடிப்பை வைத்து ஓர் உயிரைக் காப்பாற்றியவர். அதே மடிப்பை வைத்து என்னையும் பிடித்தவர்.

நாங்கள் அவரை ஜே.பி. ஐயா என்போம். அவர் இல்லாதபோது துணிக்கடை ஜே.பி. கிள்ளானில் நல்ல வியாபாரம் நடக்கிற தெருவில் அவருக்கு ஒரு துணிக்கடை இருந்தது. தமிழ் முஸ்லிம், அறுபது வயது, கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, சொங்கோக் தொப்பி, பத்தடி தூரத்திலேயே வரும் அத்தர் வாசனை. போலீஸ் அல்லாத ஒருவர் போலீஸ் லோக்காப்புக்குள் வந்து, கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருப்பவர்களிடம் குறை கேட்டு எழுதிவைக்கலாம் என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஜே.பி., அதாவது சமாதான நீதிபதி என்ற கௌரவப் பட்டம் பெற்றவர்களில் சிலருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுப்பார்கள். பலபேருக்கு அது காரில் ஒட்டிக்கொள்ளவும் கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளவும்தான். அப்படிச் சிலர் எங்களிடமும் வந்திருக்கிறார்கள். ஆபீசில் உட்கார்ந்து தே தாரேக் குடித்து, இரண்டு கறிபாப் தின்று, புத்தகத்தில் 'புகார் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கம்பியின் நிழல்கூட அவர்கள்மேல் விழுந்திருக்காது.

அப்போது நான் கோப்ரல். கிள்ளான் பக்கம் ஒரு நிலையம், பெயர் வேண்டாம். லோக்காப் காவல்தான் என் வேலை. ஜே.பி. ஐயா முதல்முறை வந்தபோது இவரும் கறிபாப் ஆள்தான் என்று நினைத்துத் தட்டை நீட்டினேன். "மொதல்ல உள்ள. தேத்தண்ணி அப்புறம்" என்றார். உள்ளே போனவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று மூன்றே கேள்வி கேட்டார். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மருந்து ஏதும் எடுக்கிற ஆளா? பதில் வரும்வரை நகரமாட்டார். அதிகாரிகளை ஏழெட்டு அடி தள்ளி நிற்கச் சொல்வார். பிறகு போர்வையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "கடையில துணி பாக்குற மாதிரியே பாக்குறாருடா" என்று எங்களுக்குள் கேலி பேசுவோம். ஒருமுறை புதிதாக வந்த லோக்காப் சட்டைக் கட்டைத் தொட்டுப் பார்த்து, "இது ரெண்டு தோய்ப்புக்கு மேல தாங்காது, திருப்பி அனுப்புங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. மூன்றாவது தோய்ப்பில் எல்லாம் தோள்பட்டையில் கிழிந்தது.

அவர் எப்போது வருவார் என்று சொல்லமாட்டார். ஆனால் நாங்களும் லேசுப்பட்டவர்களா? வாசல் காவலில் இருப்பவன் அவர் காரைப் பார்த்ததும் உள்ளே போன் அடிப்பான். அவர் வண்டியை நிறுத்தி, பெயர் பதிந்து, அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு லோக்காப் வந்து சேர எட்டு நிமிடம் ஆகும். எட்டு நிமிடத்தில் எவ்வளவோ செய்யலாம்.

அன்றைக்கு உள்ளே ஏழு பேர். அதில் ஒருவன் செலாயாங் மொத்தச் சந்தையில் லோரியில் காய்கறி ஏற்றி இறக்குபவன். ஏதோ அடிதடி என்று விசாரணைக்குப் பிடித்துவந்து மூன்றாவது நாள். விடியற்காலையிலிருந்து வாந்தி. "அண்ணே, வயிறு எரியுதுண்ணே" என்று என்னைத்தான் கூப்பிட்டான். அந்த வேளையில் அங்கே தமிழ் பேசியவன் நான் ஒருவன்தான். வாந்தியில் கருஞ்சிவப்பாக ரத்தம் இருந்தது. பொறுப்பில் இருந்த இன்ஸ்பெக்டரிடம் இரண்டு முறை போய்ச் சொன்னேன். வண்டி இல்லை, துணைக்கு அனுப்ப ஆள் இல்லை, பத்து மணிக்குப் பார்க்கலாம் என்றார். ஒன்பதரைக்கு வாசலிலிருந்து போன் வந்தது. இன்ஸ்பெக்டர் ஓடிவந்து, சட்டையை மாற்று, விசிட் முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

மாற்றினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ரத்தம் பட்ட சட்டையாலேயே அவன் வாயைத் துடைத்துவிட்டு, ஸ்டோரிலிருந்து புதுச் சட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டேன். சுவரில் சாய்த்து நிமிர்ந்து உட்காரவைத்தேன். "பத்து நிமிஷம் பல்லக் கடிச்சுக்கடா தம்பி. கேட்டா ஒண்ணும் இல்லேன்னு சொல்லு. அவரு போனதும் ஒன்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுறோம்" என்றேன். அவன் தலையாட்டினான். மிரட்டியிருந்தால் ஒருவேளை அவன் கத்தியிருப்பான். தமிழில், தம்பி என்று சொன்னதால் நம்பிவிட்டான். என் பணிக்காலத்தில் நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அதுதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைத்த வார்த்தைகள் இல்லை அவை.

ஜே.பி. ஐயா வந்தார். அந்த மூன்று கேள்விகளையும் கேட்டார். "நல்லா இருக்கேங்க" என்றான் அவன், நான் சொல்லிக்கொடுத்தபடியே. அவர் அடுத்தவனிடம் நகர்ந்தார். எனக்கு மூச்சு வந்தது. இரண்டு அடி போனவர் நின்றார், திரும்பி வந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தார். விரலை நீட்டிச் சட்டை மடிப்பின் கோட்டின்மேல் மெதுவாக ஓட்டினார்.

"எத்தன நாளா இருக்கே?"

"மூணு நாளுங்க."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "இது இப்பப் பிரிச்ச சட்டை. ஒரு ராத்திரி இதப் போட்டுப் படுத்திருந்தா இந்த மடிப்பு நிக்காது." மூன்று நாளைக்கு ஒருமுறை சட்டை மாற்றிக் கொடுப்பது வழக்கம் என்று இன்ஸ்பெக்டர் சமாளித்தார். "அப்படின்னா எல்லாருக்கும்லா மாத்தியிருக்கணும்?" என்று ஐயா மற்ற ஆறு பேரையும் காட்டினார். ஆறு பேருடைய சட்டையும் கசங்கிக் கிடந்தது. "யாரு மாத்துனது?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கடையில் எந்த நிறம் வேண்டும் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

அடுத்த மாதம் எனக்குச் சார்ஜன் பதவிக்கு நேர்காணல். பத்து வருடமாகக் காத்திருந்த பதவி. வீட்டில் இரண்டு பிள்ளைகள். இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லி முடித்திருப்பார். ஆனால் அந்தப் பையன் என்னைப் பார்த்தான். வலியில் வியர்வை வழிகிறது, இன்னமும் ஒரு வார்த்தை பேசாமல், நான் சொன்னதைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"நான்தான் ஐயா" என்றேன்.

"பழசு எங்க?"

குளியலறைக்குப் பின்னால் மறைத்துவைத்திருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் மூக்கைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. சட்டையை வெளியே எடுத்து, வாடிக்கையாளர் முன்னால் துணியை விரிப்பதைப் போல மேசைமேல் விரித்து, இரண்டு கையாலும் நீவிவிட்டார். ஒரு நிமிடம் பார்த்தார். "ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. இப்பவே" என்றார். வண்டி வரும்வரை அந்த வெள்ளைச் சட்டையோடு லோக்காப் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துவைத்துக்கொண்டார்.

குடலில் புண் வெடித்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டான். பிறகு அவன்மேல் வழக்கு எதுவும் போடவில்லை. இந்தச் செய்தி வருவதற்கு முன்பே ஜே.பி. ஐயா எங்கள் புத்தகத்தில் அரை மணிநேரம் உட்கார்ந்து எழுதியிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். அதில் என் பெயரும் என் எண்ணும் இருந்தன.

மறுநாள் சாதாரண உடையில் அவர் கடைக்குப் போனேன். ஓர் அம்மாவுக்குத் திரைச்சீலைத் துணி அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லித் தேத்தண்ணி வரவழைத்தார். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். உண்மையைச் சொன்னவன் நான்தானே ஐயா, என் பெயரை மட்டும் எடுத்துவிடக்கூடாதா, நேர்காணல் இருக்கிறது என்றேன். துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீ மாத்துனத எழுதியிருக்கேன். கேட்ட ஒடனே ஒத்துக்கிட்டதையும் எழுதியிருக்கேன். ரெண்டும் ஒரே வரியில இருக்கு தம்பி. ஒம் பேர வெட்டுனா அதையும் சேத்துல்ல வெட்டணும்? அத வெட்ட எனக்கு மனசு வரல."

கடையை விட்டு இறங்கினதிலிருந்து வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். அத்தர் பூசிய கல்நெஞ்சக்காரர் என்றெல்லாம் திட்டினேன். விசாரணை நடந்தது. இன்ஸ்பெக்டரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, நேர்காணல் போயிற்று. சகாக்கள் எனக்குக் 'கோப்ரல் பாஜு' என்று பெயர் வைத்தார்கள். மலாயில் பாஜு என்றால் சட்டை. ஓய்வு பெறும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. உள்ளே இருப்பவருக்குச் சட்டை மாற்றினால் நேரம், காரணம், மாற்றியவர் பெயர் மூன்றையும் டைரியில் எழுத வேண்டும் என்று எங்கள் நிலையத்தில் ஒரு விதி வந்தது. அந்த அறிவிப்பை எழுதி ஒட்டச் சொன்னதும் என்னைத்தான். முதலில் அதைத் தண்டனையாக நினைத்தேன். பிறகு ஒருநாள், காய்ச்சலில் நடுங்கிய ஒரு வயதானவருக்கு ஈரச் சட்டையை மாற்றிவிட்டு, டைரியில் காரணத்தை எழுதினேன். எழுதியபின் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் இருக்க யாராலும் முடியவில்லை, அரை மணியில் வண்டி வந்தது. அன்றுதான் ஜே.பி. ஐயாவைத் திட்டுவதை நிறுத்தினேன்.

நாலு வருடம் கழித்துச் சார்ஜன் ஆனேன். நேர்காணல் நடத்திய பெரிய அதிகாரி அந்தப் பழைய பக்கத்தின் நகலை முன்னால் வைத்திருந்தார். ஒத்துக்கொண்டது நீதானா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான்தான் துவான் என்று மரியாதையோடு சொன்னேன். புதுப் பட்டையைத் தைக்கச் சட்டையை எடுத்துக்கொண்டு நேராக ஜே.பி. ஐயா கடைக்குத்தான் போனேன். தையல்காரர் தைத்துக் கொடுத்ததை அவர் வாங்கி, நூலை இழுத்துப் பார்த்து, "இது தாங்கும்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் எனக்குக் கிடைத்த பதக்கம் எல்லாம் தகரம்.

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஜனாசா அடக்கத்துக்குச் சீருடையில் போய் ஓரமாக நின்று சல்யூட் அடித்தேன். முறையா இல்லையா என்று யாரையும் கேட்கவில்லை. முப்பது வருடத்தில் எதற்காகப் பெருமைப்படுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், நான் பிடித்த திருடர்களைச் சொல்லமாட்டேன். ஒரு பழைய புத்தகத்தில் என் தப்பும் என் உண்மையும் ஒரே வரியில் இருக்கும் அந்தப் பக்கத்தைச் சொல்வேன்.

இன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் கூட்டம். லோக்காப்புகளைப் பார்வையிடப் புதிதாகப் பொறுப்பேற்ற இருபது பேர். உள்ளே வேலை பார்த்த ஆள் ஒருவர் வந்து பேச வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அதற்காக நேற்று ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய், இப்போது மகன் நடத்தும் அதே கடையில் இந்தச் சட்டையை வாங்கினேன். அரை மணிநேரம் சட்டம், டைரி, சாவி என்று பேசினேன். எல்லோரும் தலை குனிந்து குறிப்பெடுத்தார்கள். சட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். அறிக்கைக்கு எத்தனை நகல், ஒரு விசிட்டுக்கு நேரம் எவ்வளவு என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். சுபாங் ஜெயாவில் நர்ஸ் வேலை பார்ப்பதாகக் கூட்டத்தின் ஆரம்பத்தில் சொன்னவள்.

"அங்கிள், கோச்சுக்காதீங்க. நீங்க பேசுறதுக்கு சம்பந்தம் இல்லாத கேள்விதான். வர்ற வழியில மேல ஏதும் ஊத்திக்கிட்டீங்களா? இது இப்பதான் பிரிச்சுப் போட்ட சட்டை மாதிரி இருக்கு. பழசு எங்க?"

சிலர் சிரித்தார்கள். மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். இருபது பேரும் தலையைத் தூக்கி என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கறுப்புப் பிளாஸ்டிக் பையில போட்டு, குளியலறைக்குப் பின்னால மறைச்சு வெச்சிருந்தேன்மா" என்று ஆரம்பித்தேன்.