பிரசாதத்துக்கு விரதம் இல்லை

என் அத்தைக்கு வாரத்தில் மூன்று நாள் விரதம். அந்த மூன்று நாளும் பெருமாள் கோயில் பொங்கலைத் தொன்னை தொன்னையாக உள்ளே தள்ளுவாள். கேட்டால், "பிரசாதத்துக்கு இன்னாடி விரதம்?" என்பாள். இரண்டாம் வகுப்பில் இருந்த எனக்கு அது வேதவாக்கு.

அந்த வருஷம் என் நாலு வயதுத் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்து போனது. பத்தே நாளில் நடை தள்ளாடியது. எந்நேரமும் கண்ணை மூடியே கிடந்தாள், தொட்டால் வீரிட்டாள். எங்கள் ஊர் கருங்குழியில் மாத்திரையும் ஆயிற்று, மந்திரிப்பும் ஆயிற்று. அப்புறம்தான் அப்பா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும், குழந்தை அசையாமலிருக்க மயக்க மருந்து கொடுப்போம், அதுவரை வெறும் வயிறு என்றார்கள்.

தங்கச்சி பசி பசி என்று அழுதாள். அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போடப் போயிருந்தார்கள். பையில் அத்தை கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கல். பிரசாதம்தானே! உருட்டி நீட்டினேன். அவள் கை என் கைக்குப் பக்கத்தில் காற்றைத் துழாவியது. வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறாள் என்று கடைசியில் நானே வாயில் திணித்தேன்.

டாக்டரம்மா வந்து, "பாப்பாவுக்கு எதுனா குடுத்தீங்களா?" என்றார்.

"பச்சத்தண்ணி கூட குடுக்கல மேடம்," என்றாள் அம்மா.

நான் பொங்கல் கையைப் பாவாடையில் துடைத்தேன். ஆனால் தங்கச்சியின் கன்னத்தில் முந்திரி ஒட்டியிருந்தது.

"பிரசாதம்தான் குடுத்தேன். அதையும் ஒழுங்கா வாங்கல, வேற எங்கியோ தடவிகினு கீறா," என்று கோள் சொன்னேன். அப்பா கையை ஓங்கினார். டாக்டரம்மா அவரைத் தடுத்து, "எங்க தடவுனா? செஞ்சி காட்டு," என்றார். காட்டினேன். உடனே டார்ச்சை எடுத்துத் தங்கச்சியின் கண்ணில் அடித்தார், சிவப்புப் பேனா மூடியை ஆட்டினார். அவள் வேறெங்கோ பார்த்தாள். அம்மா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு வாய் பொங்கலுக்கா இத்தனை அழுகை என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

என் புண்ணியத்தில் ஸ்கேன் மறுநாளைக்குப் போனது. கண் நரம்பையும் சேர்த்து எடுத்தார்கள். காய்ச்சலை விரட்ட வந்த எதிர்ப்பு சக்தி, புத்தி கெட்டு மூளை நரம்புகளின் உறையையே அரித்திருந்ததாம். இதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. ஊசி மருந்தில் மெல்லத் தேறினாள். இன்று மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டு ஓடுகிறாள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் துழாவத் துழாவ, நான் உருண்டையைத் தள்ளித் தள்ளிப் பிடித்தேன்.

"அக்கா, எங்க கீற?" என்றாள்.

அவள் முகத்துக்கு நேரேதான் நின்றிருந்தேன், மூச்சுக் காட்டாமல். கண்ணாமூச்சி என்றுதான் நினைத்தேன்.